போட்டு வாறன்

தொண்ணூறுகளில் சுவிஸின் ஷ்லீரன் நகரில் வீட்டு வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நானும் கணவரும் படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பழைய காம்பர் வானிலேயே குடியிருந்தோம். வேலைக்குப் புறப்படும்போது அவர் “போட்டு வாறன்” என்பார்; போய்விட்டு வருகிறேன் என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் அப்படித்தான். வெறுமனே “போறன்” என்று அவர் வாயில் ஒருநாளும் வராது.

நிறுத்துமிடத்துக்காரர் ஒருநாள் வானை எடுக்கச் சொல்லிவிட்டார். நான் பின்னால் சட்டி பானைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவரோ பழக்கதோஷத்தில் “போட்டு வாறன்” என்றுவிட்டு, இறங்கிச் சுற்றிப் போய் முன்னால் ஏறினார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “வீட்டையுமெல்லோ கொண்டு போறியள்! பிறகு எங்கை வாறது?”

கத்திய பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கே உறைத்தது. அவர் வானைக் கிளப்பினார்.

ஊஸ்டர் நகருக்கு வெளியே புது இடமொன்றில் நிறுத்தினார். இறங்கி வந்து பின்கதவைத் தட்டினார். திறந்தேன்.

“வந்திட்டன்” என்றார்.