சேற்றுப்புலிக்கு ஒரு குறை

ஜாவாத் தீவின் தெங்கெர் மலையில் ஒரு மனிதருக்குச் சொந்தப் பெயர் இருப்பது முதல் பிள்ளை பிறக்கும்வரைதான். அதன்பிறகு அப்பனும் ஆத்தாளும் பிள்ளையின் பெயருக்குள் குடிபோய்விடுவார்கள். சுத்ரீமோ என்று ஒரு ஜீப் டிரைவர் இருந்தார். தாரி என்று மகள் பிறந்த அன்றே அவர் காணாமல் போய், பாக் தாரி, அதாவது தாரியின் அப்பா, ஆனார். மனைவி பு தாரி, தாரியின் அம்மா. அரசாங்க அட்டையில் மட்டும் சுத்ரீமோ இன்னும் உயிரோடு இருக்கிறார்.

பாக் தாரிக்கு ஒரு வியாதி உண்டு. நன்றி சொல்வது. சாதாரணமாக எல்லோரும் சொல்கிற நன்றி அல்ல. வழியில் மறித்து அரை மணி நேரம் நிற்கவைத்த போலீஸ்காரரிடம், கால் நீட்ட வாய்ப்புக் கொடுத்ததற்காக நன்றி சொன்னவர் அவர். சில வருஷங்களுக்கு முன்னால், சூரிய உதயம் பார்க்கப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, பனிமூட்டத்தில் அவர் ஜீப் வளைவில் சறுக்கி ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்து நின்றது. பின்சீட்டில் இருந்த இருவருக்கும் சிராய்ப்புதான். அவரே கையால் பொருத்திய பெல்ட் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அவர் முதுகெலும்புதான் போயிற்று.

"நாலு பேர் தோள்ல தூக்கிட்டு ஓடறோம்," என்று கஸ்முஜி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். "இந்த ஆளு திரும்பித் திரும்பிப் பாத்து, புடிச்சு நிறுத்தினியேன்னு மரத்துக்கு நன்றி சொல்லிக்கிட்டு வராரு!"

கஸ்முஜியும் ஜீப் டிரைவர்தான். இப்போது பாக் தாரியின் ஜீப்பையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாக் தாரி டாக்டருக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்து படுத்தார். படுத்தவர் எழவில்லை. விடியுமுன்னே ஊர் முழுக்க ஜீப்புகள் இருமி, உறுமி, ஒன்றன்பின் ஒன்றாக எரிமலையைச் சுற்றி விரிந்த மணல் கடலுக்கு இறங்கும் சத்தம் கேட்கும். போர்வைக்குள் கிடந்தபடி, எந்தச் சத்தம் யாருடைய வண்டி என்று சொல்லிக்கொண்டிருப்பார். கடைசி வண்டியும் போனபிறகு வரும் அமைதி இருக்கிறதே, அதற்கு மட்டும் நன்றி சொல்ல அவரால் முடியவில்லை.

மகள் தாரிக்கு மாலாங் நகரத்தில் ஒரு பொம்மைக் கடையில் வேலை. முதலாளியம்மா சிக் லானி. ஒருநாள் மூலை நசுங்கி விற்காமல் போன ஒரு பெட்டியை தாரி அப்பாவுக்குக் கொண்டுவந்தாள். துண்டு துண்டாகப் பொருத்திக் கட்டும் ஜீப் பொம்மை. படுத்துக்கொண்டே கட்ட முடியாது. எழுந்து உட்கார்ந்தார். கட்டி முடித்தபின், மணலில் ஓடுமா பார்க்கலாம் என்று வாசலுக்கு வந்தார். கைத்தடியோடு மணல் கடல் வரைக்கும் போனார். மகள் பின்னாலேயே போனில் படம் எடுத்து இணையத்தில் போட்டாள்.

அந்த வீடியோவை எண்ணற்ற பேர் பார்த்துத் தொலைத்தார்கள். உண்மையான எரிமலை மணலில், உண்மையான ஜீப் டிரைவர் ஒருவர், கையளவு ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போகிறார். நடுநடுவே சக்கரத்துக்கு நன்றி, அச்சுக்கு நன்றி, ஒட்டியிருந்த டேப்புக்கு நன்றி. சிக் லானி வியாபாரம் தெரிந்தவர். அடுத்த பெட்டி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பாக் தாரி பொம்மை விமர்சகர் ஆனார். உலகத்திலேயே ஒரு குறையும் சொல்லாத ஒரே விமர்சகர். புத்தக விமர்சகர்கள் சிலர் இந்தப் பட்டத்துக்குப் போட்டிக்கு வரலாம்; ஆனால் அவர்கள் நண்பர்களுக்கு மட்டும்தான் அப்படி.

போன மாதம் சிக் லானி போன் செய்தார்.

"பாக் தாரி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க."

"கோவமா? சொல்லணும்னு தோணிச்சே, அதுக்கே நன்றி, சிக் லானி."

"பாத்தீங்களா! இதான், இதேதான் பிரச்சனை! வீடியோ கீழ என்ன எழுதறாங்க தெரியுமா? 'இந்தப் பெரியவர் தலைல கல்லு விழுந்தாலும் கல்லுக்கு நன்றி சொல்லுவாரு, இவர் பேச்ச நம்பி எப்படி வாங்கறது'ன்னு கேக்கறாங்க. நியாயம்தானே?"

"நியாயம்தான். எழுதினவங்களுக்கு…"

"நன்றி சொல்லாதீங்க! அடுத்து சேற்றுப்புலி வருது. பாண்டுங்ல ஒரு சின்ன கம்பெனி, முதல் பொம்மை. ஜீப்பு அப்படியே எழுந்து நிக்கிற இயந்திர மனுஷனா மாறுமாம். அதுல ஒரு குறை சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. இல்லன்னா என் மேல வருத்தப்படாதீங்க, இனிமே பெட்டியெல்லாம் சுரபாயால இதே மாதிரி வீடியோ போடற பையனுக்குத்தான். அவன் அட்டைப்பெட்டியோட வாசனைலயே குறை கண்டுபிடிக்கிறான்."

பாக் தாரி போனை வைத்தார். பெட்டி வராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. திரும்பவும் போர்வை. திரும்பவும் அந்த அமைதி.

குறை சொல்வது அவ்வளவு கஷ்டமா என்று கேட்பவர்கள் தெங்கெர் வீட்டுக்குள் போனதில்லை என்று அர்த்தம். இங்கே விருந்தாளியை முன்னறையில் உட்காரவைப்பது மரியாதை இல்லை. நேரே அடுப்படிக்கு அழைத்துப்போய், நெருப்புக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து, வேகவைத்த உருளைக்கிழங்கை நீட்ட வேண்டும். பாக் தாரி வீட்டில், வந்த பொம்மைப் பெட்டிக்கும் முதல் இடம் அடுப்படிதான். அப்படி உட்காரவைத்த ஒன்றைக் குறை சொல்வது, குளிர் காய வந்தவரிடம் உங்கள் மூக்கு கோணல் என்று சொல்வதற்குச் சமம்.

சேற்றுப்புலி வந்தது. அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்தது.

"கொஞ்சம் தள்ளி வைங்க, உருகிடப் போகுது," என்றார் பு தாரி. "அதுக்கும் காபி போடணுமா?"

"கேட்டதுக்கு நன்றி. எனக்கு மட்டும் போதும்."

இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினார். கட்டக் கட்ட அவர் முகம் வாடியது. பொம்மை அவ்வளவு நன்றாக இருந்தது. கதவு திறந்தது, மூடியது. சக்கரம் நாலும் தனித்தனியாக மேடு பள்ளம் ஏறி இறங்கின. மீசை வைத்த குட்டி டிரைவர் ஒருவர் முன்சீட்டில். பின்சீட்டில் கேமராவோடு ஒரு பெண், தொப்பி போட்ட ஒரு ஆள். குறை எங்கே இருக்கிறது? தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். குறையை ஒளித்துவைத்த புண்ணியவான் யாரோ, அவர் கெட்டிக்காரர்.

வேறு வழியில்லாமல் கஸ்முஜியைக் கூப்பிட்டு அனுப்பினார். கஸ்முஜிக்கு விருந்தாளிச் சங்கடம் கிடையாது. பெட்டி வந்தது அவர் வீட்டுக்கு இல்லையே. குளிருக்குப் போர்த்தும் சாரோங் கைலியைத் தோளைச் சுற்றி இறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சேற்றுப்புலியைக் கையில் எடுத்தார். இந்த நாளுக்காகவே பிறந்தவர் போல ஆரம்பித்தார்.

"டிரைவரு சட்டையோட உக்காந்திருக்கான். இந்தக் குளிர்ல? சாரோங் எங்க?"

"அவரு கீழூர்க்காரரா இருக்கலாம்."

"ஸ்பேர் சக்கரம் பின்னால இருக்கு. மேல போடணும்."

"பின்னால இருந்தா எடுக்கறது சுலபம். நல்லவேளை யோசிச்சு வெச்சிருக்காங்க."

"ஹாரன் இல்ல!"

"அமைதியா இருக்குல்ல. அதுக்கும் ஒரு…"

"பாக் தாரி, நீங்க என்னைக் கூப்பிட்டது குறை சொல்லவா, இல்ல அதுக்கு வக்கீலா வாதாடவா?"

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பு தாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கஸ்முஜி, என் கல்யாணத்துக்கு வந்திருந்தீங்கல்ல? எங்கம்மா சமைச்ச அரோன், அந்தச் சோளச்சோறு, அடிப்பிடிச்சுப் போச்சு. இவரு என்ன சொன்னாரு கேளுங்க. புகை வாசனை சேந்து ரொம்ப அருமைன்னாரு. எங்கம்மா அதை நம்பிக்கிட்டு, அப்புறம் வாழ்நாள் பூரா இவருக்குன்னு அடிப்பிடிக்க வெச்சுத்தான் கொடுத்துச்சு!"

மறுநாள் மத்தியானம் வெயில் வந்ததும் மூவரும் வீட்டின் பின்னால், கோஸ்பாத்திக்கு அப்பால் இருந்த மணல் திட்டுக்குப் போனார்கள். கஸ்முஜி போனைப் பிடித்தார். பாக் தாரி முட்டி போட முடியாமல் சரிந்து உட்கார்ந்து சேற்றுப்புலியைத் தள்ளினார். மேடேறியது, இறங்கியது. வழக்கமான நன்றிகள் எல்லாம் முடிந்தன. இனி மாற்றிக் காட்ட வேண்டியதுதான். மூடியைத் தூக்கி, பக்கத்துப் பலகைகளை விரித்து, பின்பகுதியைக் கீழே மடக்கினார். ஜீப் எழுந்தது. அகன்ற நெஞ்சும் முஷ்டியுமாக ஒரு ராட்சத மனிதன் மணலில் நின்றான்.

பின்சீட்டில் இருந்த இருவரும் தொப்பென்று கீழே விழுந்தார்கள்.

கேமராப் பெண் முகம் குப்புற மணலில் கிடந்தாள். தொப்பிக்காரர் உருண்டு சரிவில் போய் நின்றார். மீசைக்கார டிரைவர் மட்டும் ராட்சதனின் நெஞ்சுக்குள் ஜம்மென்று இருந்தார்.

பாக் தாரி கையை நீட்டினார். இருவரையும் பொறுக்கி, மணலை ஊதி, ஜீப்பாக மடக்கி, மறுபடி உட்காரவைத்தார். மறுபடி எழுப்பினார். மறுபடி விழுந்தார்கள். கட்டும் முறை போட்ட தாளைப் பிரித்துப் பார்த்தார். மாற்றுவதற்கு முன் பயணிகளை எடுத்துவிடவும் என்று கடைசிப் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தது.

"எடுத்துட்டு…" என்றார். குரல் மாறியிருந்தது. "எடுத்துட்டு எங்க வைக்கறது? எரிமலை மணல்லயா? வண்டி எழுந்திருக்குது, டிரைவருக்கு இடம் இருக்குது. பின்னால நம்மளை நம்பி ஏறின ரெண்டு பேருக்கு இடம் இல்ல. டிரைவரு கடைசி. ஏறினவங்கதான் முதல்ல. இது தப்பு. இந்த வண்டியில இது தப்பு."

இத்தனை வருஷத்தில் பாக் தாரியின் வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்து கஸ்முஜி கேட்டதில்லை.

அதற்குப் பிறகு பாக் தாரி சுதாரித்துக்கொண்டு நிறைய நன்றி சொன்னார். கம்பெனிக்கு, பிளாஸ்டிக்குக்கு, பாண்டுங் ஊருக்கே மொத்தமாக. முன்னால் கால் மணி நேர நன்றி, பின்னால் கால் மணி நேர நன்றி, நடுவில் பஞ்சுப்பொதிக்குள் ஊசி போல அந்த ஒரு குறை. வீடியோவைக் கடைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உருளைக்கிழங்கு உரித்தார்.

சிக் லானி பஞ்சு முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு ஊசியை மட்டும் வெளியிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. "பாக் தாரி கோவப்பட்டாராமே!" என்று வேலியோரம் நின்று கேட்டுப் போனார்கள். பு தாரி யார் கண்ணையும் பார்க்கவில்லை. "அடுப்படில உக்கார வெச்சுட்டு இப்படிப் பேசிட்டீங்களே," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அது போதுமாக இருந்தது.

பாக் தாரி கடைக்குப் போன் செய்தார். "சிக் லானி, தயவு செஞ்சு எடுத்துடுங்க. பெட்டி வராட்டியும் பரவால்ல. சுரபாயாப் பையனுக்கே அனுப்புங்க. செஞ்சவங்க மனசு என்ன பாடுபடும்?"

"எடுக்கறதா? இப்பதான் ஜனங்க உங்களை நம்பறாங்க! பழைய வீடியோ எல்லாத்தையும் தேடித் தேடிப் பாக்கறாங்க. 'குறை சொல்லத் தெரிஞ்ச மனுஷன்தான், அப்ப அந்த நன்றியெல்லாம் நிஜம்'ன்னு எழுதறாங்க. பெட்டிக்கு நீங்க கவலையே படாதீங்க. எனக்குக் கடைல கூட்டம், வெக்கறேன்."

வைத்துவிட்டார். பெட்டி வரும். ஆனால் பாக் தாரிக்குக் கிழங்கு இறங்கவில்லை.

அடுத்த நாள், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

"பாக் தாரிங்களா? நான் நெந்தென். பாண்டுங். சேற்றுப்புலி செஞ்சவங்கள்ல நான் ஒருத்தி."

பாக் தாரி உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். முதுகைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, மன்னிச்சிடுங்க. சக்கரம் ரொம்ப நல்லா இருந்துச்சு. கதவு அற்புதம். அந்த மீசைக்கு நான் எவ்வளவு…"

"பாக், நான் நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

இப்படி ஒன்று நடக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நன்றி போகிற பாதை அவருக்கு நன்றாகத் தெரியும். அது எதிரே வருகிற பாதையில் அவர் நின்றதேயில்லை.

"நாங்க மூணு பேரு," என்றாள் நெந்தென். "பின்சீட்டு ஆளுங்களுக்கு இடம் வேணும்னு நான் ஆரம்பத்துலேருந்து கத்தறேன். மத்த ரெண்டு பேரும், 'பொம்மைதானே, எவன் கவனிக்கப் போறான்'ன்னுட்டாங்க. நேத்து உங்க வீடியோவைப் போட்டுக் காமிச்சேன். 'நம்மளை நம்பி ஏறினவங்க'ன்னு சொன்னீங்களே, அந்த இடத்துல ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. ராட்சதனோட ரெண்டு தோள்லயும் சீட்டு வெக்கறோம். பெல்ட்டோட. மாத்தினதை முதல்ல உங்களுக்குத்தான் அனுப்புவோம். மறுபடியும் குறை சொல்லணும். சொல்வீங்கல்ல?"

"குறை சொல்றதுக்கா… எனக்கா?" பாக் தாரியின் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிம்மா."

"நான்தான் பாக் நன்றி சொல்லணும்."

"ஐயோ, போன் பண்ணீங்களே, அதுக்கு நன்றி."

"எடுத்தீங்களே, அதுக்கு நன்றி."

இது இப்படியே போய்க்கொண்டிருந்தது. பாண்டுங் இருக்கும் சுந்தா நாட்டுப் பெண்ணும் மரியாதையில் சளைத்தவள் இல்லை. அடுப்பில் காபி பொங்கி, வழிந்து, ஆறியும்விட்டது.

"வைங்களேன் போனை," என்று பு தாரி சன்னமாகச் சொன்னார். "அந்தப் பொண்ணுக்கு வேற வேலை இருக்காதா?"

பாக் தாரி போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "அவங்க இன்னும் வெக்கலயே. நான் முதல்ல வெச்சா மரியாதையா இருக்குமா?"

"நீங்க வைங்க பாக்," என்றது போன்.

"இல்லம்மா, நீங்க வைங்க."

பு தாரிக்குப் பொறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனை அவரிடமிருந்து பிடுங்கினார். இந்த நன்றிக் கூத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற முகத்தோடு அதைக் காதில் வைத்தார். போனுக்குள் நெந்தென் அவருக்கும் நன்றி சொல்வதை ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு மெல்ல அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாரோங்கை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பரவால்லம்மா, பரவால்ல," என்றார். "அது கெடக்கட்டும். நீ சாப்டியா?"