ஏறுங்கோ, கொண்டே விடுறன்!

போன கிழமை அம்மன் பெயரில் ஒரு பொய் சொன்னேன்.

பின்னேரம். முரசுமோட்டை வாய்க்கால் கரையில் கையை வீசிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று என் பக்கத்தில் நின்றது. கஜன். என் வகுப்பில் பின் வாங்கில் இருந்து நித்திரை கொண்ட பிள்ளை. இப்போது நெல்லு வெட்டும் மெஷின் ஓட்டுகிற பெரிய ஆள்.

“என்ன ரீச்சர், நடந்து போறியள்? ஸ்கூட்டி பழுதோ? ஏறுங்கோ, கொண்டே விடுறன்.”

“இல்லையப்பன், நீ போ. நான் சும்மா நடக்கிறன்.”

“சும்மாவோ?”

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ரீச்சருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை, கோபித்துக்கொண்டு வெளிக்கிட்டு விட்டா என்று முடிவெடுத்த முகம். என்ஜினை நிற்பாட்டினான். ஏற்றாமல் போகமாட்டான் என்று விளங்கியது.

“வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி, கஜன். கோயில் பொங்கல் வரைக்கும் பின்னேரத்தில நடக்கிறனெண்டு வேண்டினனான்.”

அவ்வளவுதான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“அப்ப சரி ரீச்சர். எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்கோ.”

போய்விட்டான். கவனித்தீர்களா? கடவுளுக்காக நடந்தால் ஹெல்மெட்டைக் கழற்றி வழி விடுகிறோம். காலுக்காக நடந்தால்... பிடித்து ஏற்றிக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்குகிறோம்!

உண்மை என்ன? எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கிளினிக் டொக்டர் ஒரு வசனம்தான் சொன்னார். “மருந்தை நான் தாறன், நடையை நீங்கள் தாங்கோ.” அதற்காகத்தான் நடக்கிறேன். இதை ஏன் கஜனிடம் சொல்ல வாய் வரவில்லை? வெட்கம். வேறொன்றுமில்லை. தவமணியின் கதையை முழுக்கத் தெரிந்து வைத்திருக்கிற எனக்கே வெட்கம். அதுதான் எனக்கு என்மேல் எரிச்சல்.

தவமணி என்னோடு படித்தவள். எங்கள் பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணியில் அவள் சென்ரர். நான் கோல் கீப்பர்... அதாவது அதிகம் ஓடத் தேவையில்லாத இடம். அவள் மைதானத்தின் இந்தப் பக்கம் பந்தைக் கொடுத்துவிட்டு, அதே பந்தை வாங்க அந்தப் பக்கம் நிற்பாள். மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் “உவ என்ன, ரெண்டு பேரோ?” என்று கேட்பார்கள்.

பிறகு கலியாணம். எங்கள் இரண்டு பேருக்கும் அதோடு விளையாட்டு முடிந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரு தாலி ஏறினால் பந்து தானாகக் கையை விட்டுப் போய்விட வேண்டும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம்.

இப்போதும் சித்திரை வருசத்துக்கு ஊரில் விளையாட்டு விழா நடக்கிறது. எங்கள் வயதுப் பெண்களுக்கு என்ன போட்டி? சங்கீதக் கதிரை! யோசித்துப் பாருங்கள். அதில் யாருக்குப் பரிசு? கடைசிவரை உட்கார்ந்திருந்தவருக்கு!

நடையாவது மிஞ்சியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் நடை என்பது உடற்பயிற்சியில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் நடந்தோமே, பிள்ளையை இடுப்பிலும் சட்டிபானையைத் தலையிலும் வைத்துக்கொண்டு... அந்த நடைதான் எல்லோருக்கும் நினைவு. திரும்பி வந்தபோது ஊரில் பஸ் இல்லை. ஒரு சைக்கிள் வைத்திருந்தவர், றோட்டில் நடந்து போகிறவரை ஏற்றாமல் போனதில்லை. அப்படி வந்த பழக்கம் இது. நடந்து போகிற ஆளைத் தாண்டிப் போவது பாவம்! இன்றைக்கு வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பழக்கம் மட்டும் மாறவில்லை. நல்ல பழக்கம்தான்... குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, தவமணிக்கு வருவோம்.

அவளுக்குச் சீனி என்று தெரியவந்த நேரம் பார்த்து, மகளுக்குக் கலியாணப் பேச்சு தொடங்கியிருந்தது. நல்ல இடம். குறிப்புப் பொருந்திவிட்டது. தாய்க்குச் சீனி என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்? நாளைக்குப் பெட்டைக்கும் வரும், பிறகு பேரப்பிள்ளைக்கும் வரும்... இப்படி நினைத்துக்கொண்டு தவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். கிளிநொச்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க, விடிய வெள்ளன பஸ் ஏறி வவுனியா கிளினிக்குக்குப் போனாள். கிளிநொச்சிக் கிளினிக் வாங்கில் இருந்தால் ஊரே கண்டுவிடுமே!

வவுனியா டொக்டரும் அதே மந்திரம்தான். நடவுங்கோ.

நடந்தாள். அந்தக் கொஞ்ச நாளைப் பற்றி அவள் பிறகு சொன்னதைக் கேளுங்கள். “நித்திரை நல்லா வந்ததடி. முழங்கால் நோ குறைஞ்சு போச்சு. கிளினிக்கில சீனி இறங்கியிருக்கு எண்டு சொல்லிச்சினம். பழையபடி சென்ரர் விளையாடலாம் போல கிடந்தது.”

ஆனால் எங்கள் ஊர் விடுமா?

எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்ல முடியாது. மாட்டைக் காணவில்லை, தேடிப் போகிறேன் என்றாளாம். “மாடோ? மதகடியில ஒண்டு நிக்குது, இப்பதான் கண்டனான். ஏறுங்கோ அக்கா!” ஏறினாள். அவளுடைய மாடு வளவுக்குள் கட்டினபடி நிற்கிறது! பொழுதுபடுகிற நேரம் வேறு யாரோ ஒரு நல்ல மனிதர், வேறு யாருடையதோ மாட்டைக் கொண்டுவந்து அவள் வாசல் படலையில் கட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கடைக்குப் போகிறேன் என்றாள். “நீங்கள் ஏன் அக்கா நடக்கிறியள்? என்ன வேணுமெண்டு சொல்லுங்கோ, நான் வாங்கியாறன்.” திடீரென்று கேட்டதில் வாய்க்கு வந்ததைச் சொன்னாளாம்.

“ஒரு கிலோ சீனி.”

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் அது லேசில்லை. “என்ன அக்கா, எங்கட சைக்கிளில ஏற மாட்டியளோ?” என்று ஒரு முகம் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்குப் பயந்துதான் நாங்கள் பாதிக் காரியம் செய்கிறோம். ஒருநாள் என் ஸ்கூட்டியும் அவள் பக்கத்தில் நின்றது. “நீ போ, நான் வாறன்” என்றாள். “என்னடி, என்ர ஓட்டத்தில பயமோ?” என்றேன். ஏறிக்கொண்டாள். எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

எங்களுடைய அன்பு அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள்ளே இருத்திவிட்டது. கலியாண வேலைகளும் சேர, கிளினிக்கும் நின்றது.

கலியாணம் பெரிதாக நடந்தது. மகளின் சாறிக்குப் பொருத்தமாகத் தனக்கும் புதுச் செருப்பு வாங்கியிருந்தாள் தவமணி. மண்டபத்தில் அன்று முழுக்க அந்தச் செருப்போடு நின்றாள். செருப்பு கடித்துவிட்டது. சின்னப் புண். சாதாரணமானவர்களுக்கு இரண்டொரு நாளில் ஆறி மாறிவிடும். அவளுக்கு மாறவில்லை. சம்பந்தி வீட்டார் வந்துபோகிற நேரம், ஆஸ்பத்திரிக்குப் போனால் கதை வெளியே வந்துவிடும் என்று மஞ்சள் பூசிக்கொண்டு திரிந்தாள். விரல் கறுத்த பிறகுதான் கொண்டு போனார்கள்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். செல்லடிக்குத் தப்பிய கால். மிதிவெடிக்குத் தப்பிய கால். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஊர் நடந்த கால்! எல்லாம் முடிந்து, ஊரில் சமாதானமாக இருக்கிற நேரத்திலா போக வேண்டும்?

நடந்திருந்தால் கட்டாயம் கால் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இறங்கத் தொடங்கிய சீனி இறங்கியிருக்கலாம். புண் மாறியிருக்கலாம். இந்த ‘லாம்’களை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது?

இன்னும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாவாம்.

“எனக்கும் கனகாலமாச் சீனி, சம்பந்தி. நீங்கள் என்ன நினைப்பியளோ எண்டுதான் நாங்கள் சொல்லேல்ல.”

ஐயோ! கலியாண வீட்டில் அந்த அம்மா பலகாரத் தட்டைத் தொடாமல் வைத்ததை நானே கண்டேன். என்ன பெருமை பிடித்த மனுசி என்று மனதுக்குள் பேசவும் செய்தேன்!

செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில், பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு தம்பி கேட்டானாம். அவனுக்கும் ஒரு கால் இல்லை. “எந்த இடத்தில அக்கா காயப்பட்டனீங்கள்?” எங்கள் பக்கத்தில் கால் இல்லாத ஆளைக் கண்டால் வேறு எதைக் கேட்பது?

“கலியாண மண்டபத்தில, தம்பி” என்றாளாம் தவமணி.

இவ்வளவும் தெரிந்த நான்தான் கஜனிடம் அம்மனைச் சாட்டிப் பொய் சொன்னேன். எனக்குக் கலியாணம் பேசுகிற வயதில் பிள்ளையும் இல்லை. பிறகு எதற்கு ஒளிப்பு? மேடையில் ஏறினால் உடற்பயிற்சியின் நன்மை பற்றி மூச்சு விடாமல் பேசுகிற ரீச்சருக்கே சீனியா என்று ஊர் சிரிக்குமாம்! எனக்குச் சீனி என்பதையும், கஜனிடம் சொன்ன நேர்த்திப் பொய்யையும் தவமணிக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் அவள் வீட்டுப் பக்கமாக நடந்து வந்தேன். அவள் படலையடியில், சில்லு வைத்த கதிரையில் இருந்தாள். புதுக் கால் இன்னும் வந்து சேரவில்லை. நான் கையைக் காட்ட முதல் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். வேறு யார்? கஜன்தான்.

“இருட்டப்போகுது ரீச்சர். அம்மன் ஒண்டும் சொல்லமாட்டா. வாங்கோ, ஏறுங்கோ.”

நான் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். அதற்குள் படலையில் இருந்து ஒரு சத்தம். மைதானத்தின் அந்தப் பக்கத்தில் நின்று பந்து கேட்கிற அதே பழைய சென்ரரின் குரல்.

“டேய் கஜன்! அவவை ஏத்தாத! அவவுக்கு நேர்த்தியுமில்ல, ஒண்டுமில்ல! சீனி! நடக்க விடு!”

கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. கஜன் என்னைப் பார்த்தான், படலையைப் பார்த்தான், அந்தக் கதிரையைப் பார்த்தான். நான் பயந்த அந்தச் சிரிப்பு அவனுக்கு வரவேயில்லை.

“சொல்லியிருக்கலாமே ரீச்சர்...” என்றான். மெதுவாக என்னைக் கடந்து போனான்.

தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நிண்டு கொண்டு என்ன பார்க்கிறாய்? நட!” என்று என்னை விரட்டினாள்.

நடந்தேன். அவள் தனக்காக ஒருநாளும் போடாத சத்தம் அது. போட்டிருந்தால், நேற்று என் பக்கத்தில் அவளும் நடந்து வந்திருப்பாள்... எனக்கு ஒரு அடி முன்னால்.