மழை, கதவு, உம்மா

குவைத்தில் மழை பெய்தால் சனம் வீட்டுக்குள் ஓடுவதில்லை, வெளியே ஓடுகிறது. ஆண்டுக்கு நாலைந்து தடவை தூறினால் அதிகம். நான் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் காரில் ஏறி, பாலைவனத்தில் மழை விழுகிறதைப் பார்க்கப் போவார்கள். வேடிக்கை பார்க்க மழையா என்று முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்முனையில் எங்கள் வீட்டுக் கதவை எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கொண்டுபோன பிறகு, மழை வந்தால் வாசலில் தொங்கும் சாக்குப் படங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள்.

அந்தச் சாக்குக்குப் பின்னால் இருந்துதான் நான் பிள்ளைகளுக்குச் சொல் கொடுக்கத் தொடங்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் வயல் வெட்டுக்குப் போன இடங்களில் பெண்கள் பாடும் கவியைக் கேட்டுக் கேட்டு நாலடி கட்டப் பழகியிருந்தேன். மழை நாளில் எங்கள் ஒழுங்கைத் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து குந்துவார்கள். நான் மூன்று சொல் சொல்வேன். மூன்றும் நாலடிக்குள் வர வேண்டும். ஒரு நாள் நண்டு, நிலா, மிளகாய் என்றேன். "நிலாவுக்கு என்னத்துக்கு மாமி மிளகாய்?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். "நண்டுக் கறிக்குப் போடுடி, நிலா வந்து மோந்து பாக்கட்டும்" என்றேன். மடியிலிருந்த என் மகள் ஜெஸீமாவுக்கு அப்போது நாலு வயது. "நிலாக்கு உறைக்கும்!" என்று அழப் பார்த்தாள்.

அவளுடைய வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய் அப்போது ஒரு வருடம். பெண்பிள்ளையைக் கட்டிக் கொடுக்க அவள் பேரில் வீடு வேண்டும் என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகளைத் தங்கை சுலைஹாவின் கையில் கொடுத்துவிட்டுக் குவைத்துக்கு வந்தேன். கல்லுக்கும் மரத்துக்கும் சம்பளம் போனது; மகளுக்கு ஏரோகிராம் கடிதத்தின் அடியில் மாதம் மூன்று சொல் போனது. அவள் எழுதப் பழகிய நாளிலிருந்து கவி திரும்பி வந்தது. அவளைப் பிடித்து வைத்திருக்க என்னிடம் வேறு கயிறு இல்லை.

வீட்டுக்காரியை இங்கே 'மாமா' என்று கூப்பிட வேண்டும். நாங்கள் உம்மா என்கிறது போல, அம்மா என்று அர்த்தமாம். இஸ்திரி போடும் பலகையில் நான் எழுதி வைத்திருந்த காகிதத் துண்டை ஒரு நாள் அவர் எடுத்துவிட்டார். புரியாத எழுத்து, முகம் வெளிறிப் போனது. "ஷினு ஹாதா? ஸிஹ்ர்?" சூனியமா என்கிறார். "லா, மாமா, என் மகளுக்கு" என்று பாதி அரபியில் அழுதேன். வாசிக்கச் சொன்னார். மழை, கதவு, உம்மா என்று ஒவ்வொன்றாக அரபியில் சொன்னேன். "இதென்ன கடிதம்? சலாம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை" என்று துண்டைத் திருப்பித் தந்தார். ஆனாலும் ஒரு வாரம் வரை தன் மகள் ஹெஸ்ஸாவின் தலையணையைத் தானே உதறிப் பார்த்தார்.

அந்த மூன்று சொல்லுக்கும் போன வாரம் கவி வந்தது.

மழை பெய்யிது வெளியில
மரக்கதவு அடிக்கிது
உம்மா வந்து சாத்தினா
ஓடிப்போச்சு என் பயம்

குளியலறையில் நின்று நாலைந்து தடவை பாடினேன். பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறது போலவே இருந்தது. சட்டி கழுவும்போதுதான் கை நின்றது. நான் இருந்தபோது எங்களுக்கு ஏது கதவு? மரக்கதவு போட்டது போன நோன்புக்குப் பிறகு. அதைச் சாத்திய உம்மா நான் இல்லை. கடிதத்தை மறுபடி விரித்தேன். ஓரத்தில் சுலைஹா பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: "ராத்தா, புள்ள இப்ப என்னயும் உம்மா எண்டுதான் கூப்பிடுது. செல்லிப் பாத்துட்டன், கேக்குதில்ல. கோவிச்சிராதங்க."

கோபிக்க என்ன இருக்கிறது? பயந்த பிள்ளை பக்கத்தில் இருக்கிறவளைத்தான் கூப்பிடும். எனக்குத் தெரியாத நியாயமில்லை. தெரிந்தென்ன, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இன்று பகல் மழை. வீட்டுக்காரர்கள் பார்க்கப் போய்விட்டார்கள். காய்ச்சலில் கிடந்த ஹெஸ்ஸாவை என்னோடு விட்டுப் போனார்கள். இடி கேட்டுப் பிள்ளை அலறியது. முன்கதவு காற்றில் அடித்தது. ஓடிப்போய்ச் சாத்தினேன். கீழ்ப் பிணைச்சல் கிறீச்சிடும், பிடியைச் சற்றுத் தூக்கித்தான் தள்ள வேண்டும். இந்தக் கதவை என் கை அறியும். திரும்பி வந்து பக்கத்தில் இருந்தேன். ஹெஸ்ஸா அழுகையை நிறுத்தி, என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கண் மூடினாள்.

மறு கையால் ஏரோகிராமை எடுத்தேன். சுலைஹாவுக்கு, "கூப்பிடட்டும், உடு" என்று எழுதினேன். மகளுக்கு இந்த முறை கொடுக்கச் சொல் எதுவும் வரவில்லை. கேள்வி ஒன்றுதான் எழுதினேன்:

"மகள், நம்மட கதவுக்கு என்ன நிறம் பூசியிரிக்கி?"