விநாசித்தம்பியர் பாஸ் பண்ணிய பரீட்சை

டத்தோ கெராமட் வட்டாரத்தில் தவமணி டீச்சரிடம் டியூஷன் போன பிள்ளை ஃபெயில் ஆனதாகச் சரித்திரமே கிடையாது. இதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளையை வாசலிலேயே மடக்கி, என்னென்ன கேட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் கறந்துவிடுவாள். அடுத்த வருஷத்துப் பிள்ளை அதையே உருப்போட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து குமாஸ்தா நாற்காலியைப் பிடித்த சனங்களுக்குப் பரீட்சைதானே குலதெய்வம்!

அவள் புருஷன் விநாசித்தம்பியர் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா. அதிர்ந்து பேசாத மனுஷர். எண்பத்து நாலாம் வருஷம் அவருக்கு என்னவோ ஆகிப்போனது. பூட்டிய கதவையே திரும்பத் திரும்பப் பூட்டினார். செத்த வீட்டில் உட்கார்ந்து சிரித்தார். பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கக் கிளம்பியவர், ஃபெர்ரியை விட்டு இறங்காமல் பொழுதெல்லாம் அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்துகொண்டே இருந்தார். ஃபெர்ரியில் வேலை பார்த்த அப்துல் ரசாக்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டான்.

"அக்கா, அண்ணனைத் தனியா விடாதீங்க லா," என்றான். தவமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே சலேஹா என்று ஒரு சின்ன வயதுப் பெண். கேள்வி கேட்டே மூளையின் எந்த மூலை சரியில்லை என்று கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். ஐந்து சொல் சொன்னாள்: குடை, சாவி, படகு, தேங்காய், கம்பளி. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் திருப்பிச் சொல்லவேண்டும். கடிகாரம் வரைந்து முள் போடவேண்டும். தெரிந்த மிருகங்களின் பெயரை மளமளவென்று சொல்லவேண்டும். விநாசித்தம்பியர் தேங்காயிலேயே நின்றுவிட்டார். கடிகாரத்தில் எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்தன. தவமணி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை கேள்வியும் அவள் மனசில் ஏறிவிட்டது. அது அவள் கைவந்த பழக்கம்.

"ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம், ஆன்ட்டி," என்றாள் சலேஹா. "இதைவிட மோசமானால் கோலாலம்பூருக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுக்கணும். உள்ளே ஏதாவது வளர்ந்திருந்தால் அதில் தெரியும். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். வீட்டில் எதையும் படிக்க வைக்காதீர்கள். இது பரீட்சை இல்லை."

எந்த வாத்தியார் இப்படிச் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்று தவமணி நினைத்துக்கொண்டாள். அவள் காதில் தங்கியது ஆபரேஷன் என்ற ஒரு வார்த்தைதான். மண்டையைத் திறந்தால் மனுஷர் முழுசாகத் திரும்பி வருவாரா? வரமாட்டார் என்று அவளே தீர்ப்பும் எழுதிவிட்டாள். அவரைக் கத்திக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். அவர் பாஸ் பண்ணவேண்டும்.

அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் வகுப்பு தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, படகுக்குப் பிறகு என்ன?"

"தேங்காய்."

"பிறகு?"

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தவம், எனக்குத் தலை இடிக்குது. நாளைக்குப் படிப்பமே?"

"எல்லாப் பிள்ளையளும் சொல்லுற சாட்டுத்தான் இது. சொல்லுங்கோ."

பாவி, அந்தத் தலையிடியை அப்போதே காதில் வாங்கியிருக்கக்கூடாதா? வாங்கவில்லை. சொல் சரியாக வந்தால் "வெரி குட்" என்று சொல்லி மாரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுப்பாள். அந்த "வெரி குட்"டுக்காக மனுஷர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மிருகங்களை அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தாள், மறக்காமல் இருக்கட்டும் என்று. கடிகாரத்தைக் கை பிடித்து வரைய வைத்தாள்.

இரண்டாவது தடவை போனபோது சலேஹா அதே ஐந்து சொற்களைத்தான் கேட்டாள். கடகடவென்று வந்தது. கடிகாரம் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. மிருகங்கள் அகர வரிசையில் வந்ததைக் கேட்டு அந்தப் பெண் சிரித்துவிட்டாள். காலமெல்லாம் ஃபைல் அடுக்கியவர் அல்லவா என்றாள். ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொன்னாள். தவமணி நேரே தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். அத்தனை பிள்ளைகளைக் கரையேற்றியவளுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

ஒரு வருஷம் ஓடியது. பாஸ் பண்ணிய தைரியத்தில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த விநாசித்தம்பியர், ஒருநாள் கம்பெனியில் நாற்காலியோடு சாய்ந்து கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தார். இந்தத் தடவை யாரும் கேள்வி கேட்கவில்லை. கோலாலம்பூருக்குத்தான் கொண்டுபோனார்கள்.

திரும்பி வந்தபோது சலேஹா அந்தக் கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். நெற்றிக்குப் பின்னால் வெள்ளையாக, கோழிமுட்டை அளவுக்கு ஒன்று இருந்தது.

"மெதுவாக வளர்கிற கட்டி, ஆன்ட்டி. போன வருஷமே பார்த்திருந்தால் சுத்தமாக எடுத்திருக்கலாம். இப்போது நரம்போடு பின்னிக்கொண்டது, கை வைக்க முடியாது என்கிறார்கள்." படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. டெஸ்டை அவ்வளவு நன்றாகச் செய்தாரே."

"நான்தான் சொல்லிக்குடுத்தனான்," என்றாள் தவமணி. "எல்லாத்தையும்."

சலேஹா படத்தை இறக்கி உறையில் போட்டாள். "என்னிடம் வேறு ஐந்து சொற்கள் இருந்தன. நான் மாற்றிக் கேட்டிருக்கவேண்டும்," என்றாள். அது அந்தப் பெண்ணின் நல்ல மனசு. தவமணிக்கு அதனால் ஒரு துளி ஆறுதலும் வரவில்லை. என் கையாலேயே அவரைக் கொன்றுவிட்டேன் என்ற நினைப்பு அன்றைக்கு உள்ளே புகுந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

டியூஷனை நிறுத்திவிட்டாள். விநாசித்தம்பியருக்கு ஒவ்வொன்றாக மறந்தது. கம்பெனி மறந்தது, தங்கச்சி மறந்தது, சாப்பிட வாயைத் திறக்கவேண்டும் என்பதும் மறந்தது. ஒரு காலை அவர் எதிரில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தவள், மனசு கேட்காமல் கேட்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஆரெண்டு தெரியுதோ?"

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பாடம் படிக்காமல் வந்த பிள்ளையின் பயம் முகத்தில் வந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பிசகில்லாமல் சொன்னார்.

"குடை, சாவி, படகு, தேங்காய், கம்பளி."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தவமணி கரண்டியை எடுத்தாள்.

"வெரி குட்," என்றாள். அதைச் சொன்னால்தான் அவர் வாயைத் திறப்பார்.