சுதா இன்று எல்லைக்குப் போனாள்

விசா இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிறவர்களைத் தாய்லாந்தில் இப்போது நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள் என்று படித்திருந்தேன். இன்று காலை அதைச் சுதாவிடம் நான் சொல்லவில்லை.

சுதா என் பள்ளித் தோழி. எட்டு மாதமாக அங்கே கடற்கரை ஊர் ஒன்றில் அறை எடுத்துத் தங்கி, கணினியில் வேலை பார்க்கிறாள். விசா இல்லாமல் தங்க அனுமதித்த நாட்கள் முடியும்போதெல்லாம் மலேசியாவுக்குப் போய்விட்டு, சுற்றுலாப் பயணியாக மறுபடியும் நுழைந்துவிடுவாள்.

எங்கள் மலையூரான செம்மேட்டில் நான் பஸ்ஸுக்கு நின்றபோது, எல்லைக்குப் போகும் வேனிலிருந்து அழைத்தாள்.

“துணிமணியெல்லாம் ரூம்லயே உட்டுட்டேன் கண்ணு. சந்தைக்குப் போற மாதிரி ஒரு கைப்பைதான். சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருவேன்.”

அந்த அறையை அவள் ஊடு என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

“நீ எப்பத்தான்டி அந்த மலைய உட்டு எறங்குவ?” என்று வேறு சிரித்தாள்.

“பத்திரமாப் போயிட்டு வா” என்று மட்டும் சொன்னேன்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

மாலையில் செய்தி அனுப்பினாள்: “பெட்டி எங்கேன்னு கேட்டாங்க. உள்ள என் ரூம்ல இருக்குதுன்னு சொல்லித் தொலச்சுட்டேன்.”

சுற்றுலாப் பயணி இல்லை, அங்கேயே குடியிருக்கிறவள் என்று அவளை உள்ளே விடவில்லை. நாளை மலேசியாவிலிருந்து திருச்சிக்கு வருகிறாள். விமான நிலையத்துக்கு வரச் சொல்லி என்னிடம்தான் கேட்டிருக்கிறாள்.