சூரியன் மேல் போட்ட பழி

சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் கொடுத்துத் தேய்த்தெடுக்கும் வேலை. மேலே தகரக் கூரை. தூசி வருகிறதென்று முதலாளி ஜன்னல்களை ஆணியடித்து மூடிவிட்டார்.

அன்று மடிப்பு மேசையில் நின்ற கர்ப்பிணி ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கி வெளியே கிடத்திவிட்டு, மிளகாய் நேரே முதலாளியின் ஏசி அறைக்குள் நுழைந்தாள்.

"ஜன்னலைத் திறந்து விடுங்க."

"நானா வெயில் அடிக்கச் சொன்னேன்? சூரியன் இப்ப உச்சத்துல இருக்காம். பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படித்தானாம். ஆராய்ச்சிக்காரரே சொல்றாரு, பாரு." டிவியில் வந்த பேட்டித் துண்டு ஒன்றைச் செல்போனில் ஓடவிட்டு நீட்டினார்.

அதில் பேசியது அவள் தம்பி! சூரிய ஆய்வு மையத்தில் வேலை பார்ப்பவன். "சூரியன்ல கரும்புள்ளிகள் கூடுற காலத்துல பூமி கொஞ்சம் சூடாகும்" என்றான். அத்தோடு படம் நின்றது.

வேலை முடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன்னைப் படிக்க வச்சதுக்கு நல்ல கைம்மாறுடா!"

விஷயம் கேட்டு அவன் முகம் சிவந்தது. "பாதியை வெட்டிட்டானுங்க அக்கா. அந்தக் கரும்புள்ளிச் சூடு ஒரு டிகிரில பத்துல ஒரு பங்குதான். கூடும், திரும்பக் குறைஞ்சிடும். குறையாம ஏறிட்டே போற சூடு நாம விடுற புகையாலன்னு சொன்னேன். அதைத் தூக்கிட்டானுங்க."

"தெரிஞ்சும் சும்மாவா இருந்த?"

"டிவிக்காரங்களுக்கு போன் பண்ணேன். பாக்கலாம்னாங்க."

"போன் பண்ணாராம், போன்! அங்க ஒருத்தி வயித்துப் பிள்ளையோட சாயறா. நாளைக்கு நீயே வந்து சொல்லு."

வந்தான். பெண்கள் எல்லாரும் கேட்க, முதலாளியிடம் சொன்னான். அவர் சிரித்தார். "பத்துல ஒண்ணோ நூறுல ஒண்ணோ, சூடு சூடுதானே தம்பி?"

மிளகாய் விடவில்லை.

"மீதிச் சூடு யாரு குடுக்கறது? உங்க பாய்லரும் இந்த ஆணியும்தானே? சூரியன் இறங்கி வந்து கேக்காதுங்கற தைரியத்துல அது தலையில பழியைப் போடறீங்க!"

நீராவிக் குழாயை மூடினாள். அப்புறம் ஒருத்தியும் உருளையைத் தொடவில்லை. விரிப்பு கேட்டு மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை ஆள் வந்த பிறகுதான் ஆணிகளைப் பிடுங்கத் தச்சர் வந்தார்.

மயங்கியவள் வேலைக்குத் திரும்பவில்லை. குழந்தை நலமென்று கேள்வி. டிவியில் முழுப் பேச்சு இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் அதைக் கேட்க டிவி நிலையத்துக்குத் தம்பி தனியாகப் போவதில்லை. அக்காவும் கூடப் போய் வரவேற்பறையில் உட்கார்ந்துகொள்கிறாள். பூட்டும் நேரம் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.