கண் பட்ட பலகை

அப்பா விழுந்ததற்குக் காரணம் கண்ணேறு என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். கண்ணேறாம். பலகை உளுத்திருந்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஜாலான் புசார் சாலையில் அவருடைய அரிசிக் கடை. லாரி வந்தால் அதிலிருந்து கடை வாசலின் ஐந்தடிப்பாதைக்கு ஒரு பலகையைச் சாய்ப்பார்கள். முதுகில் மூட்டையோடு அதன்மேல்தான் இறங்க வேண்டும். அப்பா பாதி இறங்கும்போது பலகை ஓரத்தில் பிளந்து சரிந்தது. அவர் கீழே, மூட்டை அவர் காலின்மேல்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்க, பிளந்த இடத்தில் தகரம் வைத்து ஆணி அடித்தார்கள். அடுத்த லாரி வந்த காலையில் பூசணிக்காய் சுற்றி உடைக்க ஏற்பாடு. விழுந்தவர் குடும்பத்தையும் நிறுத்திச் சுற்ற வேண்டும் என்று அம்மாவையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். எனக்குக் குஷி. உடைந்த பூசணிக்குள் சில்லறை கிடக்கும்.

அப்பா இடத்தில் மூட்டை இறக்க நின்றது சித்தப்பா. அம்மா அவரைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள். கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயை முதலாளி கையில் எடுத்ததும், போய்ப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல காரியம் நடக்குது, எந்திரிம்மா. கண்ணு கழியட்டும்" என்றார் முதலாளி.

"கண்ணு படுறதுக்கு மூட்டை தூக்குற ஆளுகிட்ட என்ன இருக்கு மொதலாளி? பலகை நல்லதுன்னா நீங்க மொதல்ல ஏறிக் காட்டுங்க."

முதலாளி பெருத்த உடம்புக்காரர். கூலியாட்களில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பா பதறி அம்மாவின் அருகில் வந்தார்.

"வேணாம் லா அண்ணி. வேலை போயிடும்."

"போகட்டும். காலு போறதுக்கு வேலை போகட்டும்."

ஆட்கள் ஒவ்வொருவராகத் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு ஐந்தடிப்பாதையில் உட்கார்ந்தார்கள். யாரும் மூட்டையைத் தொடவில்லை. வெயில் ஏறியது. சீன லாரி டிரைவர் ஹாரன் அடித்தே மாய்ந்தார். கடைசியில் முதலாளி எங்களைத் திட்டிக்கொண்டே புதுப் பலகைக்கு ஆள் அனுப்பினார். பூசணிக்காய் உடையாமல் கடைக்குள் திரும்பிப் போனது.

அப்பாவின் கால் கடைசிவரை நேராகவில்லை. அந்தப் பூசணிக்காயை உடைக்க விட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்று அம்மாமேல் எனக்கு நெடுநாள் கோபம். சித்தப்பா தினமும் இரண்டு காலில் வேலைக்குப் போய் இரண்டு காலில் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டேதான் கோபப்பட்டேன்.